கருந்துளை சுழலும் வேகத்தை எக்ஸ்-கதிரை வைத்து எப்படிச் சொல்கிறார்கள், அதை எவ்வளவு நம்பலாம்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இரண்டு கேள்வி. ஒன்று, ஒளியே தப்ப முடியாத கருந்துளையிலிருந்து எக்ஸ்-கதிர் மட்டும் எப்படி வெளியே வருகிறது? இரண்டு, ஏறக்குறைய 6 கோடி ஒளியாண்டு தள்ளியிருக்கும் என்ஜிசி 1365 கேலக்ஸியின் கருந்துளை 'ஒளிவேகத்தை நெருங்கிச் சுழல்கிறது' என்று பத்திரிகையில் போடுகிறார்களே, அதை யாராவது அளந்தார்களா, இல்லை குத்துமதிப்பா? முதல் கேள்விக்குப் பத்து வரி போதும். உங்களை உறுத்துவது இரண்டாவதுதான் என்று படுகிறது. பி.எஸ்சி. இயற்பியல் இறுதியாண்டு என்று சொல்லியிருப்பதால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். முனைவர் பட்டத்துக்கும் அதற்குப் பிறகுமாகப் பதினோரு வருடம் சேஃபர்ட் வகை (மையம் மட்டும் அதிகமாகப் பிரகாசிக்கும்) கேலக்ஸிகளின் எக்ஸ்-கதிர் நிறமாலையோடு மல்லுக்கட்டியவன் நான். ஜெட் பாய்ச்சும் பிளேசார்கள் என் துறை இல்லை, அந்தப் பக்கம் போகப்போவதில்லை.

கருந்துளைக்கு உள்ளேயிருந்து எதுவும் வருவதில்லை, எக்ஸ்-கதிர் உட்பட. நமக்கு வருவதெல்லாம் வாசலுக்கு வெளியே நடக்கும் நெரிசலிலிருந்து. கேலக்ஸியின் மையத்தில் பல லட்சம் முதல் பல நூறு கோடி சூரியன்களின் நிறையோடு ஒன்று உட்கார்ந்திருக்கிறது, அதை நோக்கி வாயு இறங்குகிறது. நேராக விழ முடியாது; கொஞ்சமாவது பக்கவாட்டு வேகம் இருக்கும். அதனால் சுற்றிச் சுற்றித் தட்டையான ஒரு வட்டாகப் பரவி, உள்வட்டமும் வெளிவட்டமும் உரசி, வேகத்தை இழந்து மெல்ல உள்ளே சரிகிறது. (உரசல் என்று சொல்கிறேனே தவிர, வேலை செய்வது பெரும்பாலும் காந்தப்புலக் கொந்தளிப்பு.) இழந்த ஆற்றல் சூடாகிறது, சூடு ஒளியாகிறது. ஹைட்ரஜனை ஹீலியமாக்கும்போது சூரியன் நிறையில் 0.7 சதவீதத்தைத்தான் ஆற்றலாக்குகிறது. கருந்துளையில் விழும் பொருளோ மறைவதற்கு முன் 6 சதவீதம் வரை கக்கிவிட்டுப் போகிறது. கருந்துளை வேகமாகச் சுழன்றால் 30 சதவீதத்துக்கும் மேல். நம் சூரிய மண்டலத்துக்குள் அடங்கிவிடும் ஓர் இடம் மொத்தக் கேலக்ஸியையும் விடப் பிரகாசமாகத் தெரிவது இதனால்தான்.

இங்கே ஒரு திருத்தம் சொல்லியாக வேண்டும். 'வட்டு கோடி டிகிரி அளவுக்குச் சூடாகி எக்ஸ்-கதிர் வீசுகிறது' என்று எளிய கட்டுரைகளில் எழுதுவார்கள். சூரியனைப் போல் பத்து மடங்கு நிறையுள்ள குட்டிக் கருந்துளைகளுக்கு அது சரி. கேலக்ஸி மையத்துப் பெரிய கருந்துளைகளுக்குப் பொருந்தாது. கருந்துளை பெரிதாகப் பெரிதாக வட்டு குளிர்ந்துகொண்டே போகும். 10 கோடி சூரிய நிறை என்றால் வட்டின் உள்விளிம்பே ஒரு லட்சம் டிகிரி அளவில்தான் இருக்கும், புற ஊதாவில் ஒளிரும். அப்புறம் எக்ஸ்-கதிர் எங்கிருந்து? வட்டுக்குப் பக்கத்தில் 100 கோடி டிகிரி அளவு சூட்டில் ஒரு எலெக்ட்ரான் மேகம் இருக்கிறது. சூரிய கிரகணத்தில் தெரியும் கொரோனாவின் பெயரையே இதற்கும் வைத்துவிட்டார்கள். வட்டிலிருந்து கிளம்பும் புற ஊதா ஃபோட்டான் இந்த எலெக்ட்ரான்களிடம் இடிபட்டு, ஒவ்வொரு இடியிலும் ஆற்றல் கூடி, எக்ஸ்-கதிராக வெளியே வருகிறது. கொரோனா இருக்கிறது என்பதில் எங்கள் துறையில் யாருக்கும் சந்தேகமில்லை. அதை அந்தச் சூட்டில் வைத்திருப்பது எது என்று கேட்டால் 'காந்தப்புலம்' என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுவோம்.

இந்தக் கதிர் பூமியின் காற்றைத் தாண்டி வராது. நம் தலைக்கு மேலுள்ள காற்று பத்து மீட்டர் ஆழத் தண்ணீருக்குச் சமம். உடம்பை ஊடுருவும் எக்ஸ்-கதிர்கூட அதில் நின்றுவிடும். எனவே மேலே போய்த்தான் பார்க்க வேண்டும். 1962 ஜூனில் ரிக்கார்டோ ஜியாக்கோனியின் குழு, நிலவிலிருந்து எக்ஸ்-கதிர் வருகிறதா என்று பார்க்க, சில நிமிடங்கள் மேலே இருந்துவிட்டு விழும் ராக்கெட் ஒன்றை அனுப்பியது. நிலவு கிடைக்கவில்லை. விருச்சிகத்தில் ஒரு பிரகாசமான புள்ளியும், வானம் முழுக்கப் பரவிய ஒரு மங்கல் ஒளியும் கிடைத்தன. அந்த மங்கல் ஒளியில் பெரும்பகுதி தொலைதூரக் கேலக்ஸிகளின் கருந்துளைகள் சேர்ந்து தருவதுதான் என்று கண்ணெதிரே பிரித்துக் காட்ட ஏறக்குறைய நாற்பது வருடம் ஆனது. பிரித்துக் காட்டியதில் பெரும்பங்கு 1999-ல் போன சந்திரா தொலைநோக்கிக்கு. தென்வானத்தின் ஒரே சின்னத் துண்டை அது மொத்தம் 70 லட்சம் நொடி, அதாவது 81 நாள், பார்த்திருக்கிறது. அதில் ஆயிரம் சொச்சம் மூலங்கள். சந்திரா என்பது நம் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர்தான். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930-ல் இங்கிலாந்துக்குக் கப்பலேறியபோது, ஒரு வெண்குள்ளன் (எரிந்து முடிந்த விண்மீனின் மிச்சம்) எவ்வளவு நிறையைத்தான் தாங்கும் என்று வழியிலேயே கணக்குப் போட்டவர்.

கண்ணாடி விஷயமும் வேறு மாதிரி. எக்ஸ்-கதிரை நேராக ஒரு கண்ணாடி மேல் விட்டால் உள்ளே புகுந்துவிடும். ஓட்டாஞ்சில்லைச் சாய்வாக வீசினால் குளத்துத் தண்ணீர் மேல் தத்தித் தத்திப் போகுமே, அந்த மாதிரி உரசலாக விட்டால்தான் தெறிக்கும். அதனால் இந்தத் தொலைநோக்கிகளின் கண்ணாடி, தட்டு போல் இல்லாமல் குழல் போல் இருக்கும். ஐரோப்பாவின் எக்ஸ்எம்எம்-நியூட்டனில் மூன்று தொலைநோக்கிகள், ஒவ்வொன்றிலும் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய 58 தங்கமுலாம் பூசிய குழல்கள்.

இவ்வளவும் செய்து கடைசியில் கைக்கு வருவது என்ன தெரியுமா? ஒரு நீண்ட பட்டியல். வரிக்கு ஒரு ஃபோட்டான்: வந்த நேரம், கேமராவின் சில்லில் (சிப்) விழுந்த இடம், ஆற்றல், அவ்வளவுதான். ஃபோட்டானை ஒவ்வொன்றாக எண்ணுகிறோம். பிரகாசமான ஒரு சேஃபர்ட் கேலக்ஸியை ஒன்றரை நாள் பார்த்தால் பட்டியல் சில லட்சம் வரி தாண்டும், மங்கலானதென்றால் சில நூறு வரியோடு நிற்கும். நீங்கள் கேட்ட சுழற்சிக் கணக்குக்கு உதவுவது 6 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு (ஃபோட்டானின் ஆற்றலை இந்த அலகில்தான் சொல்வோம்) அக்கம்பக்கம் உள்ளவைதான், அவை அந்தப் பட்டியலில் நூற்றுக்குச் சில. செய்தியில் வரும் பிரம்மாண்டமான ஓவியத்துக்குப் பின்னால் இருப்பது இந்த எண்ணிக்கை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எது நிச்சயம் என்று கேட்டால், முதலில் நேரத்தைத்தான் சொல்வேன். அந்தப் பட்டியலை நேரப்படி அடுக்கி, நொடிக்கு எத்தனை ஃபோட்டான் என்று வரைந்தால், சில கேலக்ஸிகளின் எக்ஸ்-கதிர் வெளிச்சம் பத்துப் பதினைந்து நிமிடத்தில் இரண்டு மடங்காகிக் குறைவதைப் பார்க்கலாம். ஒரு பொருள் மொத்தமாக மங்க வேண்டுமென்றால் அதன் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு அந்தச் சேதி போய்ச் சேர வேண்டும், ஒளிவேகத்தைத் தாண்டி எந்தச் சேதியும் போகாது. பத்து நிமிடத்தில் ஒளி போகும் தூரம் 18 கோடி கிலோமீட்டர். அதாவது அந்த விளக்கின் அகலம் சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரத்தைவிட ரொம்பப் பெரிதாக இருக்க வழியில்லை. இதற்கு எந்தக் கோட்பாட்டு மாதிரியும் தேவையில்லை, கடிகாரம் போதும். ஒரு கோடி சூரிய நிறையுள்ள, சுழலாத கருந்துளையின் நிகழ்வு எல்லையின் (ஒளியும் திரும்ப முடியாத எல்லை, நான் வாசல் என்று சொல்வது) ஆரம் 3 கோடி கிலோமீட்டர் என்று சேர்த்துப் பாருங்கள், எக்ஸ்-கதிர் வாசற்படியிலிருந்தே வருகிறது என்பது தெரியும். குவாசார் என்பது தொலைதூரத்தில் மிகப் பிரகாசமான கேலக்ஸி மையம்; நடுவில் நிற்கும் கேலக்ஸியின் ஈர்ப்பு வில்லை போல் ஒளியை வளைப்பதால் நான்காகப் பிரிந்து தெரியும் குவாசார்களில், அந்தக் கேலக்ஸியின் விண்மீன்கள் எக்ஸ்-கதிரை மினுக்கும் விதத்தை வைத்துத் தனியாகப் போட்ட கணக்கும் இதே சின்ன அளவைத்தான் தருகிறது. இரண்டு வெவ்வேறு வழியில் ஒரே விடை வந்தால் நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

கருந்துளையின் நிறையைப் பொறுத்தவரை, எக்ஸ்-கதிர் அதை நேரடியாகச் சொல்வதில்லை. பெரிய கருந்துளை மெதுவாக மினுக்கும், சின்னது படபடக்கும். மக்ஹார்டி குழு 2006-ல் அந்த உறவை எண்ணாகவே தந்தது. ஆனால் நல்ல நிறைக் கணக்குகள் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் வாயு சுற்றும் வேகத்திலிருந்தும், ரேடியோவிலிருந்தும் வருபவை. எக்ஸ்-கதிர்க் கட்டுரைகளில் நிறை பெரும்பாலும் அங்கிருந்து வாங்கிய கடன்தான்.

சரி, சுழற்சிக்கு வருவோம். இதற்குச் சாட்சி இரும்பு. கொரோனாவிலிருந்து கிளம்பும் எக்ஸ்-கதிரில் ஒரு பகுதி வெளியே வராமல் கீழே வட்டின் மேல் விழுகிறது. அங்குள்ள இரும்பு அணுவின் ஆக உள்ளே இருக்கும் எலெக்ட்ரானை அது தட்டிவிடும், காலியான இடத்துக்கு மேலிருந்து ஒன்று இறங்கும், இறங்கும்போது 6.4 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டில் ஒரு ஃபோட்டான் வரும். உங்கள் கல்லூரி ஆய்வகத்தில் ஓர் இரும்புத் துண்டை வைத்தாலும் இதே 6.4-தான். கூட்டியோ குறைத்தோ சொல்ல அணுவுக்குத் தெரியாது. அப்படியிருக்க, நமக்கு வந்து சேரும்போது அது 6.4-ல் கூர்மையாக இல்லையென்றால், வழியில் ஏதோ நடந்திருக்கிறது. நிறமாலையில் இந்த 6.4 ஒரு கோடாகத் தெரியும். வட்டில் நம்மை நோக்கி வரும் பக்கம் அந்தக் கோட்டின் ஆற்றலை மேலே தள்ளும், பிரகாசத்தையும் கூட்டும். விலகிப் போகும் பக்கம் கீழே இழுக்கும், மங்கலாக்கும். எல்லாவற்றுக்கும் மேல், கருந்துளையின் ஈர்ப்பிலிருந்து ஏறி வரும் ஒவ்வொரு ஃபோட்டானும் ஆற்றலை வரியாகக் கட்டிவிட்டுத்தான் வரும். கிட்டே இருந்து கிளம்பியது அதிகம் கட்டும். மூன்றும் சேர்ந்தால் வலது பக்கம் செங்குத்தான முகடு, இடது பக்கம் நீளமாகச் சரியும் வால். ஃபேபியன் குழு 1989-ல் இந்த வடிவத்தைக் கணக்கிட்டு வைத்திருந்தது. ஜப்பானின் அஸ்கா செயற்கைக்கோள் எம்சிஜி-6-30-15 என்ற கேலக்ஸியை நாலு நாளுக்கும் மேல் பார்த்து, தனாகா குழு 1995-ல் வெளியிட்டபோது அந்த வால் அப்படியே வந்திருந்தது. ஒளிவேகத்தில் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் சுற்றினால்தான் அந்த அகலம் வரும். எங்கள் துறையில் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கும் படம் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

இந்த வாலுக்கும் சுழற்சிக்கும் என்ன தொடர்பு? சுழலாத கருந்துளையைச் சுற்றி நிலையாகச் சுற்றிவரக் கூடிய கடைசி வட்டம், நிகழ்வு எல்லையின் ஆரத்தைப் போல் மூன்று மடங்கு தூரத்தில் இருக்கும். அதைத் தாண்டினால் வாயு சடாரென்று விழுந்துவிடும். கருந்துளை சுழன்றால் வெளியையே இழுத்துக்கொண்டு சுழலும், வட்டும் அதே திசையில் சுற்றினால் அந்தக் கடைசி வட்டம் உள்ளே நகர்ந்துகொண்டே வரும், உச்சச் சுழற்சியில் வாசலையே தொட்டுவிடும். வட்டு உள்ளே போகப் போக ஈர்ப்பு வரி அதிகம், வால் நீளம். வாலின் நீளத்திலிருந்து வட்டின் உள்விளிம்பு, உள்விளிம்பிலிருந்து சுழற்சி. நீங்கள் படித்த செய்தியில் சொன்ன என்ஜிசி 1365 கணக்கும் இதுதான். ரிசாலிட்டி குழு எக்ஸ்எம்எம்-நியூட்டனையும் நாசாவின் நூஸ்டார் எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கியையும் ஒரே நேரத்தில் அதன் மேல் திருப்பி, ஐன்ஸ்டைன் கணக்கு அனுமதிக்கும் உச்சத்தில் 84 சதவீதமாவது சுழற்சி இருக்கிறது என்று 2013-ல் எழுதியது. கவனியுங்கள், 84 சதவீதம் என்பது உச்சச் சுழற்சியில் 84 சதவீதம். 'ஒளிவேகத்தை நெருங்கி' என்பது பத்திரிகைக்காரர்கள் அதை மொழிபெயர்த்த விதம். கருந்துளைக்குத் தரை கிடையாது, மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று சொல்ல.

இதில் எத்தனை 'இருந்தால்' இருக்கிறது என்று பாருங்கள். வட்டு அந்தக் கடைசி வட்டம் வரை போயிருந்தால். அதற்கு உள்ளே விழும் வாயு ஒளி தராமல் இருந்தால். கொரோனா வட்டின் எந்தப் பகுதியில் எவ்வளவு வெளிச்சம் பாய்ச்சுகிறது என்று நாம் நினைப்பது சரியாக இருந்தால். எல்லாவற்றையும் விட முக்கியமாக, அந்த வால் நிஜமாகவே இரும்புக் கோட்டின் வாலாக இருந்தால். கடைசியது பெரிய சண்டை. மையத்துக்கும் நமக்கும் நடுவில் அடர்த்தியான வாயு மேகங்கள் அரைகுறையாக மறைத்தால், அவை தின்றது போக மிஞ்சும் நிறமாலை வளைந்து, பார்க்க வால் மாதிரியே இருக்கும். என்ஜிசி 1365-ல் மேகங்கள் சில நாட்களில் மையத்தை மூடித் திறப்பதை ஏற்கெனவே பார்த்திருக்கிறார்கள், ஆகவே இது வெறும் வாதத்துக்காகச் சொல்வதில்லை. நூஸ்டார் 79 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் வரை பார்க்கும் என்பதால் சண்டை முடியும் என்று எதிர்பார்த்தோம். வட்டில் பட்டுத் தெறித்த கதிர் 20–30 பக்கம் திமிலாக எழும்பும், மேகத்துக்கு அது கிடையாது என்று. ரிசாலிட்டி கட்டுரை அந்த வாதத்தைத்தான் வைத்தது. அதே ஆண்டில் மில்லர், டர்னர் இருவரும், மேகத்தில் சிதறி வரும் ஒளியையும் கணக்கில் சேர்த்தால் சுழற்சியே தேவைப்படாமல் அதே நிறமாலை கிடைக்கும் என்று பதில் எழுதினார்கள்.

இது எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தோன்றலாம். நிறமாலையிலிருந்து பின்னோக்கிப் போய் 'இதுதான் மூலம்' என்று கண்டுபிடிக்க முடியாது. கருவி ஒவ்வொரு ஃபோட்டானின் ஆற்றலையும் கொஞ்சம் கலங்கலாகத்தான் சொல்லும். எனவே முன்னோக்கித்தான் போகிறோம்: ஒரு கதையை வைத்துக்கொண்டு, அது உண்மையானால் இந்தக் கருவியில் எப்படித் தெரியும் என்று கணக்கிட்டு, பட்டியலோடு ஒப்பிடுகிறோம். பொருந்தினால் 'இந்தக் கதை தரவுக்கு விரோதமாக இல்லை' என்று அர்த்தம், அதற்கு மேல் எதுவும் கிடையாது. என் ஆய்வேட்டின் ஓர் அத்தியாயத்தில் ஒரே தரவுக்கு இரண்டையும் பொருத்தினேன். மேகக் கதையும் சுழற்சிக் கதையும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண் வாங்கின. எதை எழுதுவது என்று இரண்டு மாதம் உட்கார்ந்திருந்தேன்.

அதற்கு முன்னால் இன்னும் கேவலமான ஒன்று நடந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். முதல் வருடம், ஒரு கேலக்ஸியில் 8 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் நிறமாலை அழகாக மேலே எழும்புவதைப் பார்த்துவிட்டு, தெறிப்புத் திமிலின் ஆரம்பம் கிடைத்துவிட்டது என்று என் வழிகாட்டியின் அறைக்கு ஓடினேன். அவர் படத்தைப் பார்க்கக்கூட இல்லை. "பின்னணியப் பாத்தியா?" என்றார், கேலக்ஸியிலிருந்து வராமல் கருவியில் விழும் வேண்டாத எண்ணிக்கையை. "கழிச்சுட்டேன் சார்." "கழிச்சது சரி, பாத்தியா?" பார்க்கவில்லை. போய் பின்னணியை மட்டும் நேரப்படி வரைந்தால், நடுவில் மூன்று மணி நேரம் மலை மாதிரி எழும்பி நின்றது. பூமியின் காந்தப்புலத்தில் சிக்கிய புரோட்டான்கள் கண்ணாடிக் குழல் வழியாகவே உள்ளே வந்து எக்ஸ்-கதிர் வேஷம் போட்டிருந்தன. எக்ஸ்எம்எம்-நியூட்டன் தரவில் இது தினசரித் தொல்லை, வெட்டி எறிய வேண்டிய நேரம் அது. வெட்டினேன், என் திமிலும் கூடவே போய்விட்டது. செய்தித்தாளில் வரும் பிழைக்கோட்டில் இந்த மாதிரி விபத்துகள் அடங்காது. அதில் இருப்பது ஃபோட்டான் எண்ணிக்கையின் ஏற்ற இறக்கம் மட்டும்.

பிறகு எது என்னை ஒரு பக்கம் சாய்த்தது என்றால், மறுபடியும் கடிகாரம்தான். கொரோனா திடீரென்று பிரகாசமானால் அந்தக் கதிரில் ஒரு பங்கு நேராக நமக்கு வரும், இன்னொரு பங்கு வட்டுக்குப் போய்ப் பட்டுத் தாமதமாக வரும். கிணற்றுக்குள் கத்தினால் குரலுக்கும் எதிரொலிக்கும் இடைவெளி இருப்பதைப் போல. 2009-ல் ஃபேபியன் குழு 1எச் 0707-495 என்ற கேலக்ஸியில் இந்த இடைவெளியை 30 நொடி என்று அளந்தது. 30 நொடியில் ஒளி 90 லட்சம் கிலோமீட்டர் போகும், சின்னக் கருந்துளையொன்றின் வாசலுக்குப் பக்கத்தில் எதிர்பார்க்கும் தூரம். 2012-ல் சோக்பி குழு என்ஜிசி 4151-ல் இரும்புக் கோட்டிலேயே தாமதத்தைக் கண்டது: மெதுவான மாற்றங்களில் 6.4-ஐ ஒட்டியும், வேகமான மாற்றங்களில் 4–5 பக்கமும். வால் மையத்துக்குக் கிட்டேயும் முகடு தள்ளியும் இருந்து வருகின்றன என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். தூரத்து மேகத்திலிருந்து இதை வரவழைப்பது சிரமம். முயன்றவர்கள் உண்டு, எனக்கு அந்த விளக்கங்கள் இழுபறியாகத் தோன்றின. ஒரு எச்சரிக்கை: ஒவ்வோர் ஆற்றலிலும் நேர்க்கதிரும் எதிரொலியும் கலந்தே இருப்பதால், அளந்த 30 நொடி உண்மையான இடைவெளியைவிடக் குறைவாகத்தான் காட்டும். 90 லட்சம் கிலோமீட்டரை அப்படியே அடிக்கோலாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொரு நல்ல சேதி, ஆற்றலைக் கலங்கலாகச் சொல்லாத கருவி ஒன்று கடைசியில் வந்துவிட்டது. சாதாரணச் சில்லு 6 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டில் 130–150 எலெக்ட்ரான் வோல்ட் அளவுக்குக் கலங்கும். புதுக் கருவி ஒரு ஃபோட்டான் விழுந்ததும் ஏறும் சூட்டையே அளக்கிறது. அதற்காக அதைத் தனிச்சுழிக்கு மேல் ஒரு டிகிரியில் இருபதில் ஒரு பங்கு குளிரில் வைக்க வேண்டும். கலங்கல் 5 எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு வந்துவிடுகிறது. இதை விண்ணுக்கு அனுப்ப ஜப்பான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. 2000-ல் முதல் செயற்கைக்கோள் சுற்றுப்பாதைக்கே போகவில்லை. 2005-ல் சுசாக்கு போனது, ஒரு மாதத்துக்குள் குளிரூட்டும் ஹீலியம் முழுக்க ஆவியாகிவிட்டது. 2016-ல் ஹிட்டோமி போய், பெர்சியஸ் கேலக்ஸிக் கூட்டத்தை அருமையாகப் பார்த்துவிட்டு, கட்டுப்பாடிழந்து சுழன்று உடைந்தது. 2023 செப்டம்பரில் எக்ஸ்ரிசம் போனது, வேலை செய்கிறது. கருவியின் வாசல் கதவு மட்டும் திறக்க மறுத்துவிட்டதால் 1.7 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே தெரியாது. இரும்புக் கோடு 6.4-ல் இருப்பது எங்கள் அதிர்ஷ்டம். எக்ஸ்ரிசம் எம்சிஜி-6-30-15-ஐப் பார்த்தபோது, தூரத்து வாயு தரும் குறுகிய கோடுகளைத் தனியாகப் பிரித்தெடுத்த பிறகும் அடியில் அந்த அகன்ற பகுதி மிஞ்சியது.

கொரோனாவின் வடிவம் இன்னமும் திறந்த கேள்வி. கணக்கு எளிதாக இருக்கும் என்பதற்காக, கருந்துளைக்கு நேர் மேலே தெருவிளக்கு மாதிரி ஒரு புள்ளி விளக்கு என்று பல மாதிரிகளில் வைத்துக்கொள்கிறோம். எக்ஸ்-கதிரின் முனைவாக்கத்தை (அலை எந்தத் திசையில் அதிர்கிறது என்பதை) அளக்கும் ஐஎக்ஸ்பிஇ செயற்கைக்கோள், என்ஜிசி 4151-ல் பார்த்தது தெருவிளக்குக்கு ஒத்துவரவில்லை. வட்டின் மேல் போர்த்திய மாதிரி பரந்த கொரோனாவுக்குத்தான் ஒத்துவருகிறது. 2018-ல் 1இஎஸ் 1927+654 என்ற கேலக்ஸியில் கொரோனா சில மாதங்களில் ஆயிரக்கணக்கான மடங்கு மங்கி, கிட்டத்தட்டக் காணாமல் போய், பிறகு திரும்பி வந்து முன்னைவிடப் பிரகாசமானது. ஒரு விண்மீன் உள்ளே விழுந்து வட்டைக் குலைத்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம். நல்ல கதை, ஆனால் நான் அதன் மேல் பந்தயம் கட்டமாட்டேன்.

ஆகவே என்ஜிசி 1365 பற்றி என் தனிப்பட்ட கணிப்பு: அங்கே கருந்துளை இருக்கிறது என்பதும், எக்ஸ்-கதிர் அதன் வாசலிலிருந்து வருகிறது என்பதும் உறுதி. கோட்டின் வால் ஈர்ப்பால் வந்தது என்று பத்தில் எட்டுப் பங்கு நம்புகிறேன். வேகமாகச் சுழல்கிறது என்பதையும் நம்புகிறேன். 0.84 என்ற எண்ணைக் கேட்டால் கொஞ்சம் தயங்குவேன். இதோடு இன்னொன்று: வேகமாகச் சுழல்பவை அதிக ஒளி தருகின்றன, பிரகாசமானவைதான் முதலில் எங்கள் கண்ணில் படுகின்றன. அதனால் இதுவரை அளந்த பட்டியலில் எல்லாமே வேகமாகச் சுழல்வது போலத் தெரிவதைப் பார்த்து, பிரபஞ்சத்திலுள்ள எல்லாக் கருந்துளையும் அப்படி என்று முடிவு கட்டக் கூடாது.

என் வார்த்தையை நம்பாமல் நீங்களே பார்க்கலாம். எக்ஸ்எம்எம்-நியூட்டன், சந்திரா, நூஸ்டார் தரவுகள், பார்த்தவருக்கான உரிமைக் காலம் முடிந்ததும் பெரும்பாலும் பொதுவில் வந்துவிடும், காசு கிடையாது. 2015-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நம் ஆஸ்ட்ரோசாட் தரவும் இஸ்ரோ காப்பகத்தில் திறந்தே இருக்கிறது. தொடங்குவதற்கு எக்ஸ்எம்எம்-நியூட்டன் காப்பகத்தில் எம்சிஜி-6-30-15 என்று தேடி, ஏற்கெனவே தயாரித்து வைத்திருக்கும் நிறமாலைக் கோப்பை இறக்குங்கள். நிறமாலையோடு மாதிரியைப் பொருத்தும் எக்ஸ்ஸ்பெக் மென்பொருள் இலவசம், லினக்ஸில் ஓடும், நிறுவுவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும். முதலில் 2 முதல் 10 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் வரை மட்டும் வைத்துக்கொண்டு, அதில் 4 முதல் 7.5 வரை உள்ள பகுதியை மறைத்துவிடுங்கள். மிச்சத்துக்கு ஒரு எளிய அடுக்கு விதிக் (பவர் லா) கோட்டைப் பொருத்துங்கள். பொருத்தியதைத் தொடாமல், மறைத்த பகுதியைத் திறந்து, தரவை மாதிரியால் வகுத்த விகிதத்தை வரையுங்கள். 6.4-ல் ஒரு கூர்மையான முகடு எழும்பும், அதன் இடது பக்கம் 5-ஐத் தாண்டியும் ஒரு சரிவு ஒன்றுக்கு மேலேயே மிதந்துகொண்டு போகும். பிறகு அதே கோப்போடு வரும் பின்னணியையும் தனியாக வரைந்து பாருங்கள். நிறுவும்போது எங்காவது மாட்டிக்கொண்டால் வரும் பிழைச்செய்தியை அப்படியே இங்கே போடுங்கள், பெரும்பாலும் நான் ஏற்கெனவே மாட்டிக்கொண்ட இடமாகத்தான் இருக்கும்.